அவன் கூப்பிடாத எண்

“மேடம், உங்க மொபைல்ல இப்ப சிக்னல் இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?”

அவள் கண் பரிசோதனை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் லேண்ட்லைனில் வந்த குரல் அது. ஜலதோஷம் பிடித்த குரல்... ஆனால் பதற்றமில்லாத குரல். அவள் பணம் சேர்த்து வைத்திருக்கும் ஆப்பின் பெயரைச் சொல்லி, அந்தக் கம்பெனியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னது.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உள்ளே இருட்டறையில் ஒரு பெரியவர் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கிறார். இந்த நேரம் பார்த்து... மோசடி செய்கிறவனே மோசடித் தடுப்பு என்று பேர் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறான்.

ஆனாலும் கை தானாக வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போனது. சிக்னல் இல்லை. காலையிலிருந்தே இல்லை. மழையால் என்று நினைத்திருந்தாள்.

“இல்லை. அதுக்கென்ன இப்போ?”

அவன் நிதானமாக எடுத்துச் சொன்னான். யாரோ ஒரு ஆள் அவள் பெயரில் போலி அடையாள அட்டையைக் காட்டி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அவளுடைய எண்ணுக்கே புது சிம் வாங்கியிருக்க வேண்டும். புது சிம்முக்கு உயிர் வந்ததும் அவள் கையிலிருப்பது செத்துவிட்டது. இனி அவளுக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குத்தான் போகும். சற்று முன்னால், இதுவரை இல்லாத ஒரு புது போனிலிருந்து அவள் கணக்கைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். அதை நிறுத்தி வைத்துவிட்டு, மாற்று எண்ணாக அவள் எழுதிக் கொடுத்திருந்த கடை எண்ணுக்குக் கூப்பிடுகிறான்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி, நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பக்கம் ஒரு தும்மல்.

“தெரியாது மேடம்.”

“அப்புறம்?”

“என்னை நம்ப வேண்டாம். பிறந்த தேதி, ஓடிபி, எதையும் எங்கிட்ட சொல்லாதீங்க. போனை வெச்சிட்டு, எங்க கார்டுக்குப் பின்னாடி போட்டிருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. ஆனா... உடனே கூப்பிடுங்க.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

பட்டென்று ரிசீவரை வைத்தாள்.

கார்டைத் தேடி எடுத்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டபோது ஒரு பெண் பேசினாள். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கணக்கைப் பூட்டினார்கள். அவள் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி மொபைல் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடி, போலி சிம்மை நிறுத்தி, தன் எண்ணைத் திரும்ப வாங்கினாள். சொந்தமாக ஒரு கண் பரிசோதனை அறை போடவேண்டும் என்று சேர்த்து வைத்த பணம் அப்படியே இருந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை என்பது தெரிந்தது.

அந்த ஜலதோஷக்காரருக்கு ஒரு நன்றி சொல்லவேண்டுமே... கேட்டுப் பார்த்தாள். ஊழியர்களின் பெயரைச் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஜலதோஷக்காரன் அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் அவனுக்கு ‘டவுட்டு’ என்று பெயர். எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். வருஷக் கணக்காக மனிதர்களிடம் “யாரையும் நம்பாதீர்கள்” என்று சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை காய்ந்திருந்தது. கேட்டவர்கள் எல்லாம் “சரிங்க சார்” என்பார்கள்; அடுத்த மூச்சில் ஓடிபியையும் சொல்லிவிடுவார்கள். இந்த ஒருத்திதான் அவனையே சந்தேகப்பட்டாள். ஒழுங்காக, அழகாக, திட்டிக்கொண்டே...

விதிப்படி அவளுடைய கணக்கை முழுவதும் படித்துத்தான் அவன் கூப்பிட்டிருந்தான். வயது, முகவரி, பாதுகாப்புக் கேள்விக்காக அவள் எழுதிய பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. வாரிசு என்ற இடத்தில் முன்பு ஓர் ஆணின் பெயர் இருந்தது. உறவு: வருங்காலக் கணவர். போன வருஷம் அதை அடித்துவிட்டு அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டவனைப் போலக் கூசியது. வேலை முடிந்ததும் பக்கத்தை மூடினான்.

குரல் மட்டும் காதிலேயே நின்றது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்ததில் அவனுக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. பஸ்ஸுக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியவன் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடிக் கடை. கண் பரிசோதனை இங்கே செய்யப்படும் என்று வாசலில் எழுதியிருந்தது. தலைவலிக்கும் ஆயிற்று, மழைக்கும் ஆயிற்று என்று உள்ளே நுழைந்தான்.

“தலையைத் துவட்டிட்டு உட்காருங்க. லென்ஸ்ல தண்ணி சொட்டினா எனக்குத்தான் ரெண்டு வேலை.”

அவன் துவட்டுவதை மறந்து நின்றான்.

அந்தக் குரல்...

திரும்பிப் பார்த்தான். வெள்ளைக் கோட்டு, அவசரமாக முடிந்த கூந்தல், ஒரு காதில் செருகிய பேனா. குரலை வைத்து அவன் மனதில் வரைந்திருந்த முகம் வேறு. அது கொஞ்சம் கடுகடுப்பான முகம். இதுவோ சிரிப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கும் முகம்.

இருட்டறையில் அவனை உட்காரவைத்து, ஒரு சின்ன விளக்கைக் கையில் பிடித்தபடி நெருங்கி வந்தாள். அந்த வெளிச்சத்தில் அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. மழை விட்டதும் இலை நுனியில் தங்கிவிடும் துளி... அதற்குள் ஒரு வானம் முழுவதும் இருக்குமே, அப்படி.

“என்னைப் பார்க்காதீங்க. எனக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பாருங்க.”

“சுவரைத்தாங்க பார்க்கிறேன்.”

“சிமிட்டாதீங்க.”

“சிமிட்டலைங்க.”

“மூச்சாவது விடுங்க...”

அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவனுக்கே தெரிந்தது.

பிறகு கண்ணுக்கு முன்னால் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. மெஷின் பாதிதான் சொல்லும், மீதியை உட்கார்ந்திருப்பவர் வாயால் கேட்டு அப்படியே நம்பவேண்டியதுதான் தன் வேலை என்றாள். பொய் சொன்னால் தலைவலி சொன்னவருக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நம்புவதே வேலையா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு போனான். அன்றைக்குக் கூப்பிட்டது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் விஷயத்தை வெளியில் பேசக்கூடாது என்பது கம்பெனி விதி. விதி என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். உண்மையில் அது விதி இல்லை, பயம். சொல்லிவிட்டால் அடுத்த முறை அந்தக் கண்கள் எப்படிப் பார்க்குமோ...

ஜலதோஷம் விட்டுப் போயிருந்ததால் அவளுக்கு அவன் குரல் அடையாளம் தெரியவில்லை.

கண்ணாடி வாங்க ஒருமுறை வந்தான். மூக்கில் அழுத்துகிறது என்று ஒருமுறை. காதில் வழுக்குகிறது என்று ஒருமுறை. அப்புறம் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று நீட்டினான். அவள் பூதக்கண்ணாடி வழியாக அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இது தானா கழலலை. யாரோ கழட்டியிருக்காங்க.”

“அப்படியா? யாரா இருக்கும்?”

“அதைக் கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேலை?”

பணம் கையாளும் ஒரு கம்பெனியில் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் வேலை என்று அதற்குள் சொல்லியிருந்தான். எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது அவனுக்கு வசதியாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது.

மழைக்காலம் அவர்களுக்கு உதவியது. கடை மூடுகிற நேரத்துக்கு அவன் வருவான். மழை விடட்டும் என்று இருவரும் வாசல் கூரையின் கீழ் நிற்பார்கள். எதிர்க் கடையிலிருந்து தேநீர் வரும். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம்... விட்டது தெரியாதவர்கள் போல.

அப்படி ஒரு நாள் அவளே அந்தப் போன் கதையைச் சொன்னாள். தான் திட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த மனுஷனை எங்கேயாவது பார்த்தால் ஒரு தேநீராவது வாங்கிக் கொடுக்கவேண்டும் என்றாள். அவன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் அவள் வாங்கிக் கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

சொல்லவில்லை.

அடுத்த சில நாட்களில் அதைவிடப் பெரிய ஒன்றையும் சொன்னாள். மழையைப் பார்த்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், தனக்கு ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது என்றாள். அவர் நல்லவர்தான், படித்தவர்தான். ஆனால் நம்பிக்கை இருந்தால் பாஸ்வேர்டைக் கொடு என்று கேட்டாராம். கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு செய்தியையும் அவள் படிப்பதற்கு முன்பே அவர் படித்தார். அக்காவிடம் அழுததையும், தோழியிடம் சிரித்ததையும் சாயங்காலம் அவளிடமே திருப்பிச் சொல்வார். ஒருநாள் அவளே மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். வீட்டுக்கு வெளியே இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்றாள்.

“அப்படியா...” என்றான் அவன். புதிதாகக் கேட்பவனைப் போலப் புருவத்தை உயர்த்தினான்.

உயர்த்திய அந்த நொடியே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எவ்வளவு நம்பி, எவ்வளவு கஷ்டப்பட்டு அவள் இதை எடுத்து வைக்கிறாள்... நானோ முன்பே தெரிந்த கதைக்கு முகத்தை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். தினமும் நான் பிடிக்கிற ஆட்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் மழை இல்லை. நேராகக் கடைக்குப் போய், அவள் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். கூப்பிட்டது தான் என்பதை, அவள் கணக்கைப் படித்ததை, இருட்டறையில் குரலைக் கேட்டதுமே அடையாளம் தெரிந்ததை.

முதலில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நீங்களா அது என்பது போல உதடு பிரிந்தது. பிறகு அந்த வெளிச்சம் மெல்ல அணைந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கடை நம்பரும் உங்ககிட்ட இருந்துச்சு. அதை வெச்சுத்தான் தேடி வந்தீங்களா?”

“இல்லைங்க. தலைவலி... மழை... சத்தியமா தற்செயல்தான்.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

ஊரெல்லாம் ஆதாரம் கேட்கிறவனிடம் ஆதாரம் இல்லை. தலை குனிந்து நின்றான்.

“நேத்து நான் சொன்னேனே... நிச்சயம் நின்னு போனது. அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“காரணம் தெரியாது. நின்னு போச்சுன்னு... தெரியும்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மேசை மேலிருந்த லென்ஸ் துணியை எடுத்து நான்காக மடித்து வைத்தாள்.

“எனக்குத் தெரியாம என்னைத் தெரிஞ்சுக்கிட்ட ஆள் ஒருத்தர் போதும். இன்னொருத்தர் வேண்டாம். போயிட்டு வாங்க.”

அவன் போனான். போனவன் நேராகத் தன் மேலாளர் அம்மாவின் அறைக்குத்தான் போனான். நடந்ததைத் தானே சொன்னான். அவர் கண்டிப்பான பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டு, விசாரித்த கணக்கின் சொந்தக்காரரோடு பழக்கம் வந்தால் அன்றைக்கே தெரிவித்திருக்கவேண்டும் என்று கடிந்துகொண்டார். இனி எந்த வாடிக்கையாளரின் கணக்கும் அவன் திரையில் திறக்காது. எச்சரிக்கை வாசகங்கள் எழுதும் பகுதிக்கு அவனை மாற்றினார்கள். மோசடி பிடிக்கும் அந்த வேலை அவன் விரும்பிச் சேர்ந்தது. போனதில் வருத்தம்தான். ஆனால் சொல்லாமல் இருந்த நாட்களின் பாரத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று இருந்தது.

கடைப் பக்கம் அவன் போகவில்லை. வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு எப்படிப் போவது?

அவளும் வீம்பாகத்தான் இருந்தாள். வந்தால் பேசக்கூடாது என்று தீர்மானம். ஆனால் கடை மூடுகிற நேரத்தில் கண் வாசலுக்குப் போனது. வரவில்லையே என்று கோபம் வந்தது. வரக்கூடாது என்று சொன்னது நீதானே என்று மனசு கேட்டது. மழை பெய்தால் இன்னும் எரிச்சல்...

அக்காதான் கண்டுபிடித்தாள். மகளின் பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தவள், தங்கை சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்னவென்று பிடுங்கி எடுத்துவிட்டாள். பாதி கேட்கும்போதே அவளுக்கும் கோபம் வந்தது. போன சம்பந்தத்தில் தங்கை பட்டதை எல்லாம் கூடவே இருந்து பார்த்தவள் ஆயிற்றே. முழுதும் கேட்ட பிறகு ஊசி அப்படியே நின்றது.

“ஒண்ணு கேக்கறேன் குட்டி. உன் மொபைல் நம்பர் அவர்கிட்ட முதல் நாளே இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“ஒரு தடவையாவது கூப்பிட்டாரா? ஒரு மெசேஜ்?”

அவள் யோசித்தாள். கண்ணாடி தயாரா என்று கேட்கக்கூட அவன் கூப்பிட்டதில்லை. நம்பர் கொடுங்கள் என்று கேட்டதும் இல்லை. ஒவ்வொரு முறையும் நடந்து, நனைந்து, ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு...

“இல்லை.”

“அந்த இன்னொருத்தர் கையில இப்படி ஒரு நம்பர் கிடைச்சிருந்தா?”

அக்கா பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி தைக்க ஆரம்பித்தாள். தப்பு தப்புதான், முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும் என்று முணுமுணுத்தாள். அப்புறம், தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு யோசி என்றும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. அவன் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்த தெருவைத் தேடிக்கொண்டு அவள் போனாள். கம்பெனி பெயரைப் பார்த்ததும் கட்டடம் தெரிந்துவிட்டது. வாசல் காவலாளி, உள்ளே போகச் சீட்டு வேண்டும், யாரைப் பார்க்க, என்ன வேணும் உங்களுக்கு அவர் என்று அடுக்கினார். கடைசிக் கேள்வி காதில் விழாதவள் போல, வெளியிலேயே நிற்கிறேன் என்று குடையை விரித்துக்கொண்டாள்.

வேலை முடிந்து கும்பலாக வெளியே வந்தவர்களில் அவனும் வந்தான். அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குடை இல்லாமல் தூறலுக்குள் இறங்கி, கொஞ்ச தூரம் விட்டே நின்றான்.

“கண்ணாடி நனையுது,” என்றாள்.

“பரவாயில்லை.”

“உங்களுக்குப் பரவாயில்லை. டெஸ்ட் பண்ணிக் கொடுத்தவளுக்கு?” குடையை அவன் பக்கம் நீட்டினாள். “என் நம்பர் உங்க கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடலை?”

“அது நீங்க கம்பெனிக்குக் கொடுத்த நம்பருங்க. எனக்குக் கொடுக்கலையே.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான்... அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

“இன்னிக்கு மத்தியானம் கடையில உங்க கார்டை எடுத்தேன். கண்ணாடிக்காக நீங்க எழுதிக் கொடுத்தது. உங்க நம்பர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், எல்லாம் இருக்கு. நம்பரைப் போட்டுட்டேன். பச்சை பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி என்னவோ கூச்சமா இருந்துச்சு. வெச்சிட்டேன். கையில இருக்கிறதை எடுக்காம இருக்கிறது இவ்வளவு கஷ்டமா...”

“கஷ்டம்தாங்க.”

“அதுவும் தினமும் நேர்ல பார்க்கிறவரோட நம்பரா இருந்தா.”

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

“வேலை மாத்திட்டாங்க. இனிமே நான் யார் கணக்கையும் பார்க்க முடியாது. அதைச் சொல்லி உங்களை நம்பவைக்கணும்னு இல்லை. தற்செயலா வந்தேன்கிறதுக்கு இன்னிக்கும் எங்கிட்ட ஆதாரம் கிடையாது. ஆனா மறுபடி மறுபடி வந்தது தற்செயல் இல்லைங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு. தெரிஞ்ச கதைக்குத் தெரியாத மாதிரி முகம் காட்டினேனே, அந்த ஒண்ணை மட்டும் எப்படிச் சரிபண்றதுன்னு தெரியலை.”

சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தான். கண்ணாடி இல்லாததால் அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அவள் அவன் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, கோட்டு நுனியால் துடைத்து, தானே போட்டுவிட்டாள். விரல் நுனி காதோரம் பட்டு விலகியது. இருட்டறையில் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். யாருக்கும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

“இப்ப தெரியுதா?”

“தெரியுது...”

அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் தளும்பவில்லை.

“எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு,” என்றாள் மெல்ல. “உடனே போயிடாது. திடீர்னு சந்தேகம் வரும், காரணமில்லாம கோபம் வரும்...”

“வரட்டுங்க.”

“வீட்டுல தனியா உட்கார்ந்து பயந்து பார்த்தேன். நல்லா இல்லை.” குடைக்குள் ஓர் அடி நெருங்கி வந்தாள். “உங்க பக்கத்துல இருந்தே பயந்துக்கறேனே...”